வட்டத்தில் நான் சொன்ன ‘ஓம்’

என் முறை வருவதற்கு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

பழைய பண்ணைவீடு ஒன்றின் மேல்தளம். ஒரு காலத்தில் வைக்கோல் அடைந்து வைத்த இடம், இப்போது பள்ளிக்கூடத்தின் பெரிய அறை. தரையில் வட்டமாகப் பத்தொன்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், சமையற்காரி நான். எல்லார் காலிலும் கம்பளிக் காலுறை. ஈரக் கம்பளி மணமும், நான் கீழே இறக்கி வைத்துவிட்டு வந்த பருப்பின் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

கேள்வி ஒன்றுதான். புதன்கிழமைகளில் பிள்ளைகள் காட்டில் இருந்து படிக்கும் இடத்தை மாற்றலாமா? பழைய இடம் ஒரே சேறு. புது இடம் இன்னும் கொஞ்சம் மேலே, ஓடைக்குப் பக்கத்தில், உயரமான மரங்களின் கீழே. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வர, ஜெர்மனில் எல்லாரும் ஓம் என்றார்கள். யா, யா, யா.

எனக்கு அந்த இடம் தெரியும். அந்த வட்டத்தில் இருந்த எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். அந்த மரங்களின் கீழே பிள்ளைகளை இருத்தக் கூடாது என்பதும் தெரியும். பிள்ளைகளில் ஒருத்தி நான் பெற்றவள்.

பள்ளிக்கூடத்தை நடத்தும் ரெகுலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ‘யா’ என்றேன்.

அப்படிச் சொன்ன வாயை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் மட்டும் வாயாடி

என் மகள் அபிராவுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் அவளுடைய வாய் ஓயாது. குளிக்கும்போதும் கதை, சாப்பிடும்போதும் கதை, பல் தீட்டும்போதும் நுரையோடு கதை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. முதலாம் வகுப்பு முழுக்க வரவில்லை. இரண்டாம் வகுப்பிலும் வரவில்லை.

ஆரா நகரத்தில் அவள் போன அரசாங்கப் பள்ளிக்கூடத்து ஆசிரியை தங்கமான பிள்ளை. ஏசினதே கிடையாது. ஆனாலும் ஒருநாள், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் இவள் கதிரையிலேயே இருந்துவிட்டாள். நனைந்த காற்சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தவள், அன்று மாலையும் வாயோயாமல் கதைத்தாள். அதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளையை வேறு ஒரு சிறிய வகுப்பில், தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளோடு போடலாம் என்று மெதுவாகச் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

நான் அப்போது முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒருத்திதான் மலையில் இருக்கும் இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குச் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றாள். வேலைக்கு நானும் படிக்க அபிராவும் ஒரே பஸ்ஸில் ஏறினோம்.

வீட்டில் இவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. டீட்டிகோனில் பொதிகள் அடுக்கும் களஞ்சியத்தில் வேலை செய்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற மனிசன். படிக்க விடச் சொன்னால் பிள்ளையைக் காட்டுக்கு விடுகிறீரே, உமக்கென்ன விசரா என்று கேட்டார். திரிம்பாக் கோயிலில் பிரசாதத்துக்கு நின்றபோது ஒரு அக்கா, உங்கட பிள்ளை செவ்விந்தியப் பள்ளிக்கூடத்திலாமே என்று விசாரித்தா. ஆறுதல் சொல்வது போலத்தான் கேட்டா. எனக்கு வடையே இறங்கவில்லை.

ஜெனீவாவுக்கு எங்களுக்கு முன்னே போனவர்கள்

அந்த அக்காவுக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவள் ரெகுலா. அறுபதை நெருங்கியவள், கத்தரித்த தலை, எப்போதும் நகத்துக்குள் மண். இளவயதில் கனடாவில் ஹோடினோஷோனி என்ற பூர்வகுடி மக்களின் பள்ளிக்கூடம் ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்திருக்கிறாள். ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த தேசங்கள் ஆயுதத்தைக் கீழே போட்டு, ஒரே நீண்ட வீட்டுக்குள் வந்தது போலச் சேர்ந்த கூட்டு அது. முதலில் ஐந்து தேசங்கள், பிறகு ஆறு.

அவர்களுடைய சடங்கு எதையும் ரெகுலா செய்ய மாட்டாள். விருந்துக்குப் போன வீட்டில் சாமான் தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்பாள். அங்கே பார்த்துத் தன் புத்தியில் ஏறியதை, கேட்டுத்தான் கொண்டுவந்தேன் என்பாள். காலையில் எந்த வேலைக்கும் முன்னால் நன்றி. மனிதருக்கு, மண்ணுக்கு, தண்ணீருக்கு, செடிக்கு, விலங்குக்கு, மரத்துக்கு, பறவைக்கு, காற்றுக்கு. பிள்ளைகள் தங்கள் சொந்தச் சொல்லிலே சொல்வார்கள். ஒவ்வொன்றும் முடிய எல்லாரும் சேர்ந்து, இதில் எங்கள் மனம் ஒன்று என்பார்கள். கதைக்க விருப்பமில்லாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையைத் தொட்டுவிட்டால் போதும், முறை தாண்டிப் போகும். அபிரா ஐந்து மாதமாகக் கையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது, எங்கள் பள்ளிக்கூட வட்டத்தில் வாக்கெடுப்பு இல்லை. இருபத்தொரு பேர் ஓம், இரண்டு பேர் இல்லை என்றால், இருபத்தொன்று வென்றது என்று கணக்கில்லை. அந்த இரண்டு பேரோடும் இருந்து கதைக்க வேண்டும். சமையற்காரியின் சொல்லுக்கும் ஆறு வயதுப் பிள்ளையின் சொல்லுக்கும் ஒரே நிறை.

அந்த மக்களிடம் தலைவரைத் தெரிவு செய்பவர்கள் தாய்மார் என்றும் ரெகுலா சொன்னாள். அவன் பிழையாக நடந்தால் எச்சரிப்பதும், மூன்று முறை எச்சரித்தும் திருந்தாவிட்டால் இறக்குவதும் அவர்கள்தான். என்னையும் எச்சரியுங்கள் என்று எங்கள் தாய்மார் கூட்டத்தில் கேட்டுக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வேலை தந்தவளை எச்சரிக்கிற சமையற்காரியை எந்த நாட்டில் கண்டிருக்கிறீர்கள்?

ஒன்று மட்டும் நெஞ்சில் தைத்தது. நூறு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய தலைவர் ஒருவர் தங்கள் தேசத்துக்கு நியாயம் கேட்டு, தங்கள் சொந்தக் கடவுச்சீட்டோடு ஜெனீவாவுக்கு வந்தாராம். அங்கே இருந்த உலக நாடுகளின் சபை கதவைத் திறக்கவில்லையாம். ஜெனீவாவில் மனுவோடு குளிரில் நின்றவர்கள் நாங்கள் தமிழர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டு உள்ளி

இனி அந்த இடத்துக்கு வருகிறேன்.

வசந்தம் தொடங்கும்போது இங்கே காடுகளில் உள்ளிப்பூண்டு மணக்கும் இலை ஒன்று பாய் விரித்தது போல முளைக்கும். தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தால் முருங்கையிலை வறை தோற்கும். ஈஸ்டருக்கு முந்திய ஒரு பின்னேரம், யாருக்கும் சொல்லாமல் அந்த ஓடைச் சரிவில் இறங்கிப் பை நிறையப் பிடுங்கினேன்.

யாருக்கும் ஏன் சொல்லவில்லை என்றால், நான் வந்த புதிதில் அகதி முகாமில் யாரோ சொன்னது. இந்த நாட்டில் காட்டில் ஒரு இலை பிடுங்கினாலும் பொலிஸ் பிடிக்கும், கோப்பில் எழுதுவார்கள் என்று. பதினேழு வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் வேறு அப்போது அலுவலகத்தில் கிடந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடியிலே இருந்தது ஒரு பை இலை.

குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம். முதலில் ஒரு முறிவு, பிறகு மண் அதிர ஒரு விழுகை. திரும்பிப் பார்த்தால், நான் சற்று முன் நின்ற இடத்தில் என் உடம்பளவு தடிப்பில் ஒரு கிளை. காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். மற்ற மரமெல்லாம் துளிர் விட, எஷ்ஷே என்று இங்கே சொல்கிற அந்த உயரமான மரங்கள் மட்டும் மொட்டையாக நின்றன. பட்டை உரிந்து தொங்கியது. அந்த மரத்துக்கு நோய் வந்து நாடு முழுக்கப் பட்டுப்போவதாகப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். சரிவின் கீழ்ப்பக்கம் நின்று பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, நாலைந்து மரங்களில் சிவப்பு மையால் வளையம் போட்டிருந்தது. வெட்ட வேண்டிய மரத்துக்கு வனக்காரர் போடும் அடையாளம். வெட்டத்தான் இன்னும் யாரும் வரவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். அடுத்த நாள் வறையைப் பிள்ளைகள் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். இலை எங்கே வாங்கினாய் என்று ரெகுலா கேட்டாள். கடையில் என்றேன்.

இரண்டு வாரத்தில் வட்டம் கூடியது. அந்த மரங்களைப் பற்றிச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், அங்கே என்ன செய்தாய் என்று கேட்பார்களே. அதுதான் என் ‘யா’.

தலையாட்டிய கூட்டம்

அது மட்டும்தான் காரணம் என்றால் என்னை நானே மன்னித்திருப்பேன். இன்னொன்று இருக்கிறது. எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

நாங்கள் வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலம். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இயக்கத்துக்காரர் கூட்டம் வைத்தார்கள். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை தர வேண்டும் என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். மறுப்பு இருக்கிறவர்கள் எழும்பிச் சொல்லலாம் என்றும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை. எனக்குப் பக்கத்தில் என்னைப் பெற்ற ஐயா இருந்தார். சாரத்துக்குள் அவருடைய முழங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன். எல்லாரோடும் சேர்ந்து அவரும் தலையாட்டினார். அடுத்த கிழமை அண்ணை போனான். போனவன் போனவன்தான்.

பிறகு இந்த நாட்டில் அகதி விசாரணை. மொழிபெயர்ப்பாளர் சொன்னது பாதி விளங்கவில்லை. எல்லாம் விளங்கியதா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அன்று தொடங்கி எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் ‘யா’. கூட்டத்தில் கேள்வி கேட்பது பதில் வாங்குவதற்கு என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. ரெகுலாவின் வட்டம் வேறு மாதிரி என்று மூளைக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியாது.

மரங்கொத்தி

புது இடத்துக்குப் பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள். புதன்கிழமை வந்தால், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பேன். முற்றத்து மரத்தில் இலை அசைந்தால் கத்தி நின்றுவிடும். மத்தியானம் பிள்ளைகள் வரிசையாக இறங்கி வரும்போது வாசலில் நின்று எண்ணுவேன். பத்தொன்பது. அதற்குப் பிறகுதான் உப்புப் பார்க்க நாக்கு வேலை செய்யும்.

இவரிடம் ஒருநாள் மெல்லச் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், மரம் எண்டா கொப்பு விழும்தானே என்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

சரி, இந்தக் கிழமை சொல்லிவிடுகிறேன் என்று நான் துணிந்த அதே புதன்கிழமை, ரெகுலா சமையலறைக்குள் சப்பாத்தோடு ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. யாருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

அபிரா கதைத்தாளாம். காட்டுப் புது இடத்தில் பறவைகளுக்கு நன்றி சொல்லும் முறை வந்தபோது, பக்கத்துப் பிள்ளையின் கையைத் தொடாமல், மேலே பார்த்துக்கொண்டு, ‘மரங்கொத்திக்கு நன்றி’ என்றாளாம். இரண்டு வருடத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் வராத குரல். எல்லாரும், இதில் எங்கள் மனம் ஒன்று என்று சொன்னார்களாம். யாரும் கை தட்டவில்லையாம்.

ரெகுலா என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மரங்கொத்தி பட்ட மரத்தைத் தேடித்தானே வரும். உளுத்த மரத்தில்தான் அதற்குப் புழு இருக்கும். என் பிள்ளையின் தலைக்கு மேலே அது கொத்துகிற சத்தம் எனக்கு அடுப்படியிலேயே கேட்கத் தொடங்கிவிட்டது.

இனி எப்படிச் சொல்வேன்? அந்த இடத்தை வேண்டாம் என்றால் வாய் திறந்த பிள்ளையின் வாயை நானே மூடுகிறேன். சொல்லாவிட்டால் பிள்ளையையே விட்டுவிடுகிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஐந்து புதன்கிழமை போனது. அதற்குள் அவள் தண்ணீருக்கும் நன்றி சொன்னாள், நத்தைக்கும் சொன்னாள்.

கதவடியில்

ஆறாவது புதன்கிழமை விடியும்போதே மேற்கிலிருந்து காற்று. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அபிராவின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது. அவள் சிரித்துக்கொண்டே துரத்தினாள். நான் மேலே ஆடுகிற மரங்களைப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் பை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கொஞ்சம் காற்றுத்தானே, ஓடையடி பள்ளம், அங்கே அடிக்காது என்று ரெகுலா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாப்பிசைந்த கையோடு வந்து வாசல் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன்.

‘நைன்’ என்றேன்.

அந்த மொழியில் நான் சொன்ன முதலாவது ‘இல்லை’ அது. எனக்கே யாரோ சொன்னது போல இருந்தது. ரெகுலாவுக்கு விளங்கவில்லை. வழிவிடச் சொல்வது போலக் கையைத் தூக்கினாள். நான் விலகவில்லை.

“நான் ஒரு தாய். நான் உன்னை எச்சரிக்கிறேன். இது முதலாவது,” என்றேன்.

ரெகுலா தூக்கிய கையை இறக்கினாள். பிறகு எல்லாரையும் மேலே போகச் சொன்னாள். பிள்ளைகள் பையைக் கழற்றிவிட்டு வட்டமாக இருந்தார்கள். கூரை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளி இலை, விழுந்த கிளை, மொட்டை மரம், சிவப்பு வளையம். கடையில் வாங்கியதாகச் சொன்ன பொய்யையும் சொன்னேன். சிவப்பு வளையம் என்றதும் ரெகுலாவின் முகத்தில் இரத்தம் இல்லை. போன மாரிக் குளிருக்கு முன், இடம் பாதுகாப்பா என்று நிலத்துக்காரரிடம் கேட்டதாகவும், மேலே நின்று பார்த்ததாகவும், சரிவில் இறங்கிப் பார்க்கவில்லை என்றும் பிள்ளைகளிடமே சொன்னாள். ஒரு ஆசிரியர் என்னிடம் மெதுவாக, ஒரு பிடி இலை யாரும் பிடுங்கலாமே, அதற்குத் தடை இல்லையே என்றார். பதினேழு வருடப் பயம் அந்த ஒரு வரியில் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்குப் போவதில்லை, அது என் பொறுப்பு என்றாள் ரெகுலா. ஆனால் அந்த இடத்தை விட்டுவிடுவது எல்லாருடைய முடிவு. கேள்வி வட்டத்தைச் சுற்றி வந்தது. யா, யா, யா.

அபிராவின் முறை. அவள் யாருடைய கையையும் தொடவில்லை. ‘நைன்’ என்றாள்.

முதலே சொல்லிவிடுகிறேன், அன்று அந்த மரம் விழவில்லை. வனக்காரர் அடுத்த கிழமை வந்து ஐந்து மரத்தையும் வெட்டினார். இரண்டின் உள்ளே கையை விடலாம் போல உளுத்திருந்தது, மற்ற மூன்றும் இன்னும் சில வருடம் நின்றிருக்கும் என்றார். ஆகவே வட்டத்தில் என் பிள்ளைக்குக் காட்டுவதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் இருக்கவில்லை. அவளுடைய குரல் வந்த இடத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நான் முன்னால் இருந்தேன்.

அவள் அழவில்லை. ஜெர்மனில், எல்லாருக்கும் கேட்கும்படி, நேரே என்னிடம் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் அவ்வளவு நீளமாகக் கதைத்து ஒருவரும் கேட்டதில்லை.

“முதல் நாளே தெரியுமெண்டா, ஏன் அண்டைக்கு ஓம் எண்டு சொன்னீங்கள்?”

“பயத்தில,” என்றேன்.

“ஆருக்குப் பயந்தனீங்கள்?”

பொலிசுக்கு என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை. வட்டத்தைப் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளைகள், கம்பளிக் காலுறைகள், மண் நகங்களோடு ரெகுலா. இதுவரை என்னிடம் ஒரு கடும் சொல் சொல்லாத ஆட்கள்.

“உங்கள் எல்லாருக்கும்,” என்றேன்.

ரெகுலா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அபிரா எழும்பி, வட்டத்தின் நடுவால் நடந்து வந்து, என் பக்கத்தில் இடித்துக்கொண்டு இருந்தாள். மா ஒட்டிய என் கையைப் பிடித்தாள். தமிழில், வீட்டில் கதைக்கும் குரலில் சொன்னாள்.

“நானும்தான் அம்மா.”

அவள் என்ன சொன்னாள் என்று ரெகுலா என்னிடம் கேட்டாள். நான் வாய் திறக்கும் முன், அபிராவே அதை ஜெர்மனில் அவர்கள் எல்லாருக்கும் சொன்னாள்.